வரண்ட நிலத்திற் புதுக்குடியிருப்பும் தோட்டக் காவலும்

இலங்கையின் வரண்ட வலயத்துள்ளும் மிக வரண்ட பகுதிகள் இரண்டு உள. ஒன்று தெற்கே அம்பாந்தோட்டைக் கரையோரம். மற்றையது வடமேற்கே மன்னார்க் கரையோரம். மன்னாரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் மழையே கிடைக்கின்றது. அதிலும் பெரும் பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிற் பெய்து முடிந்துவிடும். மே மாதம் முதல் செத்தெம்பர் வரை சோளகக் காற்று வீசி மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றது. இத்தகைய நிலத்திற் புதிதாகக் குடியேறுவோர்க்கு நீர்ப் பஞ்சம் முதலிடர் என்பது யாவரும் அறிந்ததே. இரண்டாம் இடராகிய காட்டு விலங்கைப் பற்றி அவர்கள் எண்ணுவது பெரும்பாலும் பயிர் அழிந்த பின்னரே. அதனை முன்னரே எண்ணுதற்கு உதவும் பொருட்டு இத்துண்டுப்பிரசுரம் எழுதப்படுகின்றது.

அருவியாற்றுக்குத் தெற்கே, முசலிப் பகுதியில் நிகழ்ந்ததை முதலிற் கூறுதல் தகும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, இப்பகுதிக் கிராமங்களும் வெறுமையாயின. மக்கள் புத்தளத்திலும் பிறவிடங்களிலும் வாழ்ந்தனர். 2009இல் யுத்தம் முடிந்த பின் திரும்பி வந்தோர் கண்டது, வயல் வரம்பு தெரியாது, கிணற்றடி தெரியாது, வீட்டு அத்திவாரத்தின் மேல் மரம் நின்ற காணிகளையே. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அந்நிலத்தை ஆண்டவை விலங்குகள். தெற்கே மோதரகம் ஆற்றுக்கு அப்பால், 1938ஆம் ஆண்டு தேசிய வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட வில்பத்து இருக்கின்றது. அங்கிருந்து வரும் யானைக்கும் பன்றிக்கும் நம் காணி உறுதிப் பத்திரம் தெரியாது.

அவ்வாறு திரும்பியோருள் ஒரு குடும்பம் கொழும்பு மாளிகாவத்தை மாடிவீட்டுத் தொகுதியிலிருந்து வந்தது. பிள்ளைகள் மண்ணில் நடந்து பழகாதவர்கள். வீட்டுக்கு மூத்த தாயார் மட்டும் கமத்தை அறிந்தவர். காணி ஒரு ஏக்கர். முதலாம் பெரும்போகத்தில் அவ்வேக்கர் முழுவதும் நிலக்கடலையும் பாசிப்பயறும் விதைக்கப்பட்டன; ஓரங்களில் மரவள்ளி நடப்பட்டது. வேலி மூன்று பக்கமே அடைக்கப்பட்டிருந்தது. நான்காம் பக்கம் காடு. அதனைப் பின்னர் அடைக்கலாம் என விடப்பட்டது. ஒரே இரவிற் பன்றிக் கூட்டம் புகுந்து கடலையை உழுதுவிட்டது. எஞ்சியதை மாடுகள் மேய்ந்தன. முழு ஏக்கரையும் விதைக்கும்படி ஆலோசனை வழங்கிய விவசாயப் போதனாசிரியன் நானே. சேவையில் அது எனக்கு முதலாண்டு. விவசாயப் பாடசாலையிற் கற்ற விதை அளவும் பசளை அளவும் சரியாகவே சொன்னேன். வேலியைப் பற்றிக் கேட்கவில்லை.

மறுநாட் காலையில் நான் போனபோது அத்தாயார் கோபிக்கவில்லை. 'மகன், ஒரு ஏக்கரையும் பார்க்க எனக்குக் கண் இரண்டுதானே இருக்கு. மாளிகாவத்தையில் நான் வாசற்படியிலே தகரத்தில் மிளகாய் வைத்தேன். ஒரு காய் களவு போனாலும் எனக்குத் தெரியும்' என்றார். என்னுடைய பாடநூல்களில் இல்லாத விடயம் அதுவே. புதுக்குடியேறியவர் முதலாண்டிற் பயிரிடவேண்டிய அளவு, அவருடைய அனுமதிப் பத்திரத்திற் கண்ட அளவன்று. அவர் அடைத்துக் காவல் செய்யக்கூடிய அளவே.

மறுபோகத்தில் அக்குடும்பம் இருபது பேர்ச் நிலத்தை மாத்திரம், அதாவது ஏக்கரின் எட்டிலொரு பங்கை, சமையலறைக்கும் கிணற்றுக்கும் நடுவே தெரிவுசெய்து நாற்புறமும் அடைத்தது. மிளகாய், கத்தரி, வெண்டி, பயற்றை ஆகியன நடப்பட்டன. வீட்டாரின் தேவை போகச் சந்தைக்கும் ஒரு சிறு பங்கு சென்றது. எஞ்சிய நிலம் வெறுமையாகக் கிடந்ததைக் கண்டு அயலார் நகைத்தனராம்.

வேலிக் கணக்கு

வேலியின் செலவை அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. சதுரமான ஓர் ஏக்கரின் பக்கம் ஏறத்தாழ 209 அடி. சுற்றளவு 835 அடி. கால் ஏக்கரின் சுற்றளவு 417 அடி. நிலம் நான்கிலொன்றாகக் குறைந்தாலும் வேலி பாதியளவே குறைகின்றது. ஆகவே தனித்தனியே சிறு துண்டுகளை அடைப்பது, நிலத்தின் அளவோடு ஒப்பிடுகையிற் செலவு மிக்கது. இதற்கு மாற்று, அயலாருடன் கூடுவதேயாகும். அருகருகே கால் ஏக்கர் வீதம் வைத்திருக்கும் நால்வர் தனித்தனியே அடைப்பின் மொத்தம் 1,668 அடி வேலி வேண்டும். நால்வரும் ஒரே சதுரமாக அடைப்பின் 835 அடி போதும். பதினாறு ஏக்கர் வயலைப் பதினாறு பேர் தனித்தனியே அடைத்தால் 13,360 அடி. ஒன்றாய் அடைத்தால் 3,340 அடி. கம்பிக்கும் கட்டைக்கும் கொடுக்கும் பணத்தில் முக்காற் பங்கு இவ்வாறு மிஞ்சும். இரவுக் காவலும் முறைவைத்து நடக்கும். முன்னாளிற் சேனை செய்தோர் தத்தம் பரணிலிருந்து ஒருவரையொருவர் கூவியழைத்து விழித்திருந்ததன் பயன் இதுவே. கூட்டு வேலியிற் பிணக்குகள் எழும் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. யார் எந்தப் பாகத்தைத் திருத்துவது என்பதை விதைப்புக்கு முன் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் எழுத்தில் வைத்தல் நன்று.

அடைக்கும் முன் எல்லையை அறிதல் வேண்டும். முசலிப் பகுதியின் தெற்கே, வில்பத்துவுக்கு வடக்கிலுள்ள காடுகள் 2017ஆம் ஆண்டு மாவில்லு பேணற்காடு எனப் பிரகடனப்படுத்தப்பட்டன. கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவினரையும் கேளாது காட்டோரத்தைத் துப்புரவாக்கிய பின், வேலியைப் பிடுங்கி மீண்டும் நடவேண்டிய நிலை ஏற்படுதல் கூடும்.

முதலாண்டு வேலி

வரண்ட நிலத்தில் உயிர்வேலி ஒரே மழையில் வளர்ந்துவிடாது. ஆதலின் முதலாண்டில் இரு வேலிகளை ஒன்றினுள் ஒன்றாக அமைத்தல் வேண்டும். செத்தெம்பர் மாதத்திலேயே பனைமட்டையாலும், காட்டில் வெட்டிய காரைமுள், சூரைமுள், உடைமுள் என்பவற்றாலும் வெளிவேலி அடைக்கப்படல் வேண்டும். ஒக்டோபரில் முதல் மழை கண்டவுடன் அதன் உட்புறத்திற் சீமைக்கிளுவை, கிளுவை, பூவரசு முதலியவற்றின் கதியால்களை ஓரடிக்கு ஒன்றாக நடுக. கதியால் ஐந்து முதல் ஆறு அடி நீளமும் முற்றிய பட்டையும் உடையதாயிருத்தல் நன்று. வெளி முள்ளைக் கறையான் அரித்து முடிக்கும் காலத்தில் உட்கதியால் வேர்கொண்டிருக்கும். சீமைக்கிளுவையின் தழையை வெட்டி வயலுக்கும் தோட்டத்துக்கும் பசுந்தாட் பசளையாக இடலாம். இவ்வேலி காவலும் பசளையும் ஒருங்கே தருவது. சீமைக்கருவேலை வேலிக்கு நடுதல் கூடாது. அது காய்ப்பதும், மாடு தின்று விதையைப் பரப்புவதும், பின்னர் அதனை அழிக்க முடியாது போவதும் தெற்கே பூந்தலைப் பகுதியிற் கண்ட அனுபவம்.

இவ்வேலி கட்டாக்காலி மாட்டையும் ஆட்டையும் தடுக்கும். காட்டு விலங்கைப் பற்றிய பேச்சில் மாட்டைச் சேர்ப்பதேன் எனச் சிலர் கேட்கலாம். தோட்டத்தை ஆண்டு முழுவதும், பகலிலும் இரவிலும் நாடி வருவது மாடு. யானை வருவது சில இரவுகளிலேயே. புதுக்குடியேறியவர் பலர் யானையை எண்ணி அஞ்சி, மாட்டுக்குப் படலைத் திறந்து வைக்கின்றனர்.

பன்றி, முள்ளம்பன்றி, முயல்

காட்டுப்பன்றி வேலியைத் தாண்டுவதில்லை; அதன் அடியில் மூக்கைச் செலுத்தி நெம்புகின்றது. எனவே வேலியின் பலம் அடியில் இருத்தல் வேண்டும். அடிப்பாகத்திற் பருத்த மரங்களைக் கிடையாக வைத்து முளையடித்து இறுக்குக. கம்பி வலை கிடைப்பின் ஓரடி ஆழத்துக்குப் புதைக்குக. முள்ளம்பன்றியும் இதனாலேயே தடைப்படும். தென்னங்கன்றின் அடியையும் இளம் பட்டையையும் முள்ளம்பன்றி கறிப்பதால், கன்றைச் சுற்றித் தகரம் அடிப்பது மலிவான காவல். முயலுக்கு நெருங்கிய மட்டை வேலி போதும்.

பன்றி பெரும்பாலும் ஒரே தடத்தால் வந்துபோகும். காலையில் வேலியோரம் நடந்து தடம் பார்த்தவர் எங்கே பலப்படுத்துவதென அறிவார். கடலை, மரவள்ளி, வற்றாளை ஆகிய கிழங்கும் நிலத்தடிக் காயும் பன்றிக்கு மிக விருப்பமானவை. அவற்றைக் காட்டோரத்தில் நடாது வீட்டோரத்தில் நடுக. நெல்லைப் பன்றி நாடுவது பால்பிடிக்கும் காலத்திலும் அதன் பின்னருமே. அவ்வாரங்களிற் காவலுக்குப் போகாதவர் முன்னைய வாரங்களில் விழித்திருந்தும் பயனில்லை.

பழஞ் சேலைகளை வேலியிற் கட்டும் வழக்கம் எங்கும் உண்டு. மணமும் நிறமும் புதிதாயிருக்கும் சில நாட்களுக்குப் பன்றி ஒதுங்கும், பின்னர் பழகிவிடும். வெருளியின் கதையும் அவ்வாறே. கரையோரத்திற் பழைய மீன்வலைகள் எளிதிற் கிடைப்பதால் அவற்றையும் கட்டுகின்றனர். வலையை இறுகக் கட்டி, தினமும் பார்த்தல் வேண்டும். தளர்ந்த வலையிற் பாம்பும் பறவையும் மானும் சிக்கி மடியும்.

குரங்கும் மயிலும்

இவ்விரண்டுக்கும் நிலவேலி தடையன்று. இவற்றாலான சேதம் நாடெங்கும் மிகுந்ததனால், 2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் ஐந்து நிமிட நேரத்தில், மக்கள் தத்தம் காணியிற் கண்ட குரங்கு, மயில், மர அணில் முதலியவற்றைக் குறித்துக்கொடுக்கும் கணக்கெடுப்பொன்றும் நடத்தப்பட்டது. எண்ணியதனால் மயில் பறந்துபோகவில்லை. எனவே தோட்டக்காரர் செய்யக்கூடியதைக் கூறுவோம்.

மயில் விதையையும் முளையையும் கிளறித் தின்னும். ஆபத்துக் காலம் விதைத்த நாளிலிருந்து ஏறத்தாழ இரு வாரமே. அக்காலத்திற் பாத்தியை வைக்கோலால் அல்லது முட்கிளையால் மூடுக; நாற்றுமேடையின் மேல் வலை கட்டுக; கூடுமான காய்கறிகளை வீட்டருகே நாற்றாக வளர்த்துப் பின் நடுக. குரங்கு மரத்தின் வழியே வருவது. வேலிக்கு வெளியே பதினைந்து முதல் இருபது அடிவரை மேலே கவிந்த கிளைகளைத் தறித்துவிடின், அது நிலத்தில் இறங்கி வரவேண்டியதாகும். அப்போது நாய்க்கும் பிள்ளைகளுக்கும் அது தெரியும். மிளகாய், மஞ்சள், வெங்காயம் ஆகியவற்றைக் குரங்கு குறைவாகவே தொடும். பூசணியையும் வாழையையும் சோளத்தையும் கண்ணுக்கெட்டாத் தொலைவில் நடுவோர் குரங்குக்கே நடுகின்றனர். வாசற்படியிலே தகரத்தில் வளர்ந்த மாளிகாவத்தை மிளகாயை இங்கே மீண்டும் நினைத்துக்கொள்ளலாம்.

யானை

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் கணிக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் 150க்கு மேற்பட்ட மனிதர் உயிரிழந்தனர். கமக்காரர் யானையோடு பொருதலாகாது என்பதற்கு இவ்வெண்களே போதும்.

யானை வீட்டை உடைப்பது பெரும்பாலும் நெல்லின் பொருட்டும் உப்பின் பொருட்டுமாகும். நெல்மூடைகளை நித்திரை செய்யும் அறையில் அடுக்கிவைக்கும் வழக்கம் உயிராபத்தானது. அறுவடை செய்த நெல்லைக் கூடிய விரைவில் விற்றல், அல்லது பலர் சேர்ந்து காவலுள்ள ஒரு களஞ்சியத்தில் வைத்தல் வேண்டும். வாழையும் கரும்பும் வீட்டுச் சுவரோரம் நடப்படலாகாது. வேளாண்மை முற்றிய காலத்தில் இருள் வேளையில் தனியே, விளக்கின்றி, காட்டுவழி செல்லற்க.

யானைக்குத் தக்க தடை மின்வேலியே. அதனை எங்கே அமைப்பது என்பதில் முன்பு தவறு நேர்ந்தது. காட்டின் நிர்வாக எல்லையில் வேலி போடப்பட்ட பல இடங்களில் வேலிக்கு இருபுறமும் யானை நின்றது. வேலியைப் பார்ப்பாரும் இல்லை. இப்பொழுது கல்கமுவைப் பகுதியில் நடத்திப் பயன் கண்ட முறை வேறு. கிராமத்தைச் சுற்றி நிலையான வேலி ஒன்று. வயலைச் சுற்றிப் போகத்துக்குரிய வேலி ஒன்று. வயல் வேலி விதைப்புடன் எழுப்பப்பட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றப்படும். அதன்பின் யானை வந்து அரிதாளை மேயலாம்; பயிருள்ள காலத்தில் வரமாட்டாது. வேலியைக் காப்போர் பயிருக்குரியோரே ஆதலின் அது பழுதின்றி நிற்கின்றது.

மின்வேலியின் இயல்பை விளங்கிக்கொள்ளல் அவசியம். பற்றரியிலும் சூரியத் தகட்டிலும் இயங்கும் கருவி, கம்பியிற் பல ஆயிரம் வோல்ற்று அளவான துடிப்பை வினாடிக்கு ஏறத்தாழ ஒருமுறை அனுப்புகின்றது. அத்துடிப்பு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரமே நீடிப்பதால் கடும் வலி தரும், உயிரைக் கொல்லாது. வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ற்றைக் கம்பிக்கு நேரே கொடுப்பின் அது விடாது ஓடித் தொட்டவரைக் கொன்றுவிடும். குறைந்த வோல்ற்று ஆதலின் ஆபத்துக் குறைவு என எண்ணியோர் தம் பிள்ளையையும் அயலானையும் இழந்ததுண்டு. அது சட்டப்படி குற்றமுமாகும்.

வரண்ட மண்ணில் மின்வேலிக்குத் தனியான குறை ஒன்று உண்டு. துடிப்பு விலங்கின் உடல் வழியே மண்ணிற் சென்று கருவிக்குத் திரும்பினாலன்றி விலங்குக்கு உறைக்காது. காய்ந்த மணல் மின்னைக் கடத்துவது அரிது. ஓகஸ்ட் மாதத்தில் வேலி 'செத்துப்போயிற்று' என்று கருவியைத் திருத்தக் கொண்டுவருவோர் பலரின் கருவியிற் குறையில்லை, நிலத்தொடர்பிலேயே குறை. ஆகவே ஆறடி நீளமான நாகமுலாம் பூசிய கோல்கள் மூன்றையேனும் பத்தடிக்கு ஒன்றாக, ஈரமுள்ள இடத்தில், கிணற்றடிக் கழிவுநீர் பாயும் பக்கத்தில் முழுதும் இறக்குக. கோடையில் அவ்விடத்துக்கு நாள்தோறும் ஒரு வாளி நீர் ஊற்றுக. மேலும் வேலியில் ஒன்றுவிட்டொரு கம்பியை நிலத்தொடர்பாக இணைப்பின், இரண்டையும் ஒருங்கே தொடும் விலங்குக்கு மண் காய்ந்திருந்தும் உறைக்கும். பன்றிக்காயின் அடிக்கம்பி எட்டு அங்குல உயரத்துக்கு மேற்படலாகாது. புல்லும் கொடியும் கம்பியிற் படின் மின் கசிந்துவிடும். இருபுறமும் மும்மூன்றடி துப்புரவாயிருத்தல் வேண்டும். யானை கட்டையைக் காலால் தள்ளப் பழகுவதால், தமிழ் நாட்டிலும் கேரளத்திலும் சில இடங்களிற் கம்பியை உயரத்திலிருந்து தொங்கவிடுகின்றனர்.

கெனியா நாட்டிற் கம்பியிற் தேன்கூடுகளைத் தொடுத்து யானையைத் தடுக்கும் முறை பயன்பட்டது. வஸ்கமுவப் பகுதியில் அது இங்கும் பரீட்சிக்கப்பட்டுள்ளது. நம் நாட்டுத் தேனீ ஆபிரிக்கத் தேனீயைப் போன்று கடுமையானதன்று. பூவும் நீரும் அற்ற கோடையிற் கூட்டைவிட்டு ஓடிவிடும். தேனுக்காக வைப்பதில் நட்டமில்லை. மன்னாரில் இதனை மட்டும் நம்பிப் பயிரிடலாம் என நான் கூறமாட்டேன்.

செய்யத் தகாதவை

பன்றிக்கென வைக்கும் ஹக்கபட்டாஸ் என்னும் வாய்வெடியை யானைக் கன்று கடித்துத் தாடை சிதைந்து, உண்ணவியலாது பல நாள் நின்று சாகின்றது. கட்டுத்துவக்கு, வேலியோரம் நடக்கும் மனிதனையும் மாட்டையும் பிரித்தறியாது. சுருக்குக் கம்பியிற் பன்றிக்குப் பதிலாகச் சிறுத்தை மாட்டியிறந்த செய்திகள் பல. யானை 1937ஆம் ஆண்டின் விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தினாற் பாதுகாக்கப்படுவது. சட்டம் ஒருபுறமிருக்க, காயப்பட்ட யானை மூர்க்கமடைந்து அதே கிராமத்தைச் சுற்றித் திரிவதனால் ஏற்படும் தீங்கு அயலவர்க்கே.

நீரும் ஒரு காவலே

கோடையிற் குளம் வற்றியபின் விலங்கு தேடி வருவது பயிரையன்று, நீரையே. கிணற்றுக்கு மூன்றடி உயரக் கட்டும் மூடியும் இல்லாவிடின் யானையும் மானும் மாடும் விழும், விழுந்த கிணற்று நீர் பயன்படாது, கிணறும் இடியும். கடலுக்கு அண்மையான காணிகளில், கிணறு வெட்டுமுன் அயற்கிணற்று நீரின் உப்புத்தன்மையைச் சோதித்தறிக. சமையலறைத் தோட்டத்திற்கு மட்பானைப் பாசனம் மிகவும் ஏற்றது. மெருகிடாத மட்பானையைக் கழுத்தளவு புதைத்து, சுற்றிவரப் பாகல், பீர்க்கு, பயற்றை முதலியவற்றை ஊன்றி, பானையை நீரால் நிரப்பி மூடுக. நீர் கசிந்து வேருக்கே செல்லும். வெளியே ஈரம் தெரியாமையாற் பன்றிக்குச் சேறும் இல்லை.

காட்டுயானையால் நெற்பயிருக்கு நேரும் சேதம் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையின் பயிர்க் காப்புறுதியில் அடங்கும். இழப்பீடு கோருவோர் பயிரைத் திருத்துமுன், சேதமடைந்த நிலையிலேயே கமநல சேவை நிலையத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவித்தல் வேண்டும். காலடித் தடங்களை மழை அழிக்குமுன் படம் எடுத்துவைப்பதும் உதவும். உயிருக்கோ வீட்டுக்கோ யானையால் தீங்கு நேரின் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு உடனே தெரிவிக்க.

முற்கூறிய குடும்பம் நான்காம் ஆண்டில் அயலார் மூவருடன் கூடி வேலியை அகட்டியது. முன்பு நகைத்தவருள் ஒருவரும் அம்மூவரிற் சேர்ந்திருந்தார். அவ்வுயிர்வேலியின் கதியால்கள் இப்பொழுது தலைக்குமேல் தழைத்து நிற்கின்றன. புதிதாய் அடைப்போர்க்கு அவர்கள் ஒக்டோபர் மாதத்திற் கதியால் வெட்டிக் கொடுப்பர். வேண்டுவோர் ஓகஸ்ட் மாதத்துக்குள் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் வேலியின் நீளத்தை அடிக்கணக்கிற் கொடுத்துப் பெயரைப் பதிவுசெய்துகொள்வாராக.